ஆணையும் நிலமும்: கணினியிலிருந்து கன்சோலுக்குப் போன போர்முறையின் வரலாறு

பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்கள், சுருக்கமாக ஆர்.பி.ஜி., 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை ஆட்டத்திலிருந்து கிளைத்தவை. அந்த ஆட்டத்தில் போர் பேச்சாகவே நடந்தது: எதிரில் நிற்பது என்ன என்று ஆட்டத்தை நடத்துபவர் சொல்வார், தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஒவ்வொருவரும் வாயால் அறிவிப்பார்கள், பகடை உருளும், விளைவு தெரியும். நடத்துபவரின் இடத்தில் கணினி வந்து அமர்ந்தபின், ஆடுபவரின் முடிவு ஏதேனும் ஒரு கருவி வழியாகவே இயந்திரத்துக்குள் சென்றாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. கணினியில் அக்கருவி விசைப்பலகை, பின்னர் மவுஸ். தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கன்சோல் என்னும் இயந்திரத்தில் அது இரு கைகளுக்குள் அடங்கிவிடும் கன்ட்ரோலர். ஒரே ஆட்டம் இவ்விரு இயந்திரங்களுக்கும் வந்தபோதெல்லாம் அதன் போர்ப்பகுதி மாறியே வந்திருக்கிறது. கணினி ஆட்டம் ஆழமானது, கன்சோல் ஆட்டம் மேலோட்டமானது என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் வரலாற்றோடு பொருந்தவில்லை. போரில் ஒரு முடிவுக்கு இரண்டு பாதிகள் உண்டு: என்ன செய்வது என்னும் ஆணை ஒன்று, எந்த இடத்தில் செய்வது என்னும் நிலம் மற்றொன்று. ஆணை 1980களிலேயே கன்சோலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நிலம் அங்கே போய்ச்சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

ஆணை அவ்வளவு எளிதாகப் போனதற்குக் காரணம் 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த ‘விசர்ட்ரி’யின் அமைப்பிலேயே இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆண்ட்ரூ கிரீன்பர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரும் உருவாக்கி, சர்டெக் நிறுவனம் விற்ற அந்த ஆட்டத்தில் ஆறு பேர் கொண்ட குழு ஒரு சுரங்கத்துக்குள் இறங்குகிறது. முதல் மூவர் முன்வரிசை, அடுத்த மூவர் பின்வரிசை. கைகலப்பு முன்வரிசைக்கு மட்டுமே உரியது, பின்வரிசையினர் மந்திரத்தால் உதவுவார்கள். எதிரிகள் அதிகபட்சம் நான்கு கூட்டங்களாக நிற்பார்கள். தாக்குதல், தற்காப்பு, மந்திரம், ஓட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விசைப்பலகையில் ஓர் எழுத்து உண்டு. ஆறு பேருக்கும் ஆணையிட்டு முடித்தபின் அந்தச் சுற்று முழுவதும் ஒரே மூச்சில் நடந்து முடியும். மந்திரத்துக்கு மட்டும் அதன் பெயரையே தட்டச்சு செய்ய வேண்டும். ஆட்டத்துக்கென்றே புனையப்பட்ட மொழியில் அமைந்த அப்பெயர்களை ஆடுபவர் மனப்பாடம் செய்துகொண்டார். இத்தனை நுட்பமான போரில் தரை என்று ஒன்று கிடையாது என்பதுதான் இங்கே முக்கியம். எதிரி எவ்வளவு தொலைவில் இருக்கிறான், தூண் எங்கே நிற்கிறது, யார் யாரைச் சூழ்ந்துகொள்ளலாம் என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. வரிசையும் கூட்டமும் மட்டுமே உண்டு, அவை இரண்டும் பட்டியலாக எழுதிவிடத்தக்கவை.

அதே காலத்தின் மற்றொரு பெரும் தொடரான ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா’ வேறு வழியில் சென்றது. 1983இல் வந்த அதன் மூன்றாம் பாகத்தில் சண்டை மூண்டதும் கட்டம் கட்டமான தனித்திரை ஒன்று விரியும். குழுவின் நால்வரும் அதில் தனித்தனி உருவங்களாக நின்று, தம் முறை வரும்போது ஓரடி நகரவோ பக்கத்தில் இருப்பவரைத் தாக்கவோ செய்வார்கள். இங்கே நிலம் உண்டு, ஆனால் சதுரங்கப் பலகையைப் போல எண்ணிவிடக்கூடிய நிலம். ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு செயலை ஒதுக்கியிருந்த அந்த ஆட்டம், விசைப்பலகை இல்லாத இயந்திரத்துக்கு எந்நாளும் போகாது என்றே அன்று தோன்றியிருக்கும்.

ஜப்பானில் 1983 ஜூலையில் விற்பனைக்கு வந்த நின்டென்டோவின் ஃபேமிகாம் அத்தகைய இயந்திரம்தான். அதன் கன்ட்ரோலரில் நான்கு திசைகளுக்கான சிலுவை வடிவ விசை ஒன்றும், இரண்டு பொத்தான்களும், தொடங்கவும் தேர்ந்தெடுக்கவும் இரு சிறு விசைகளும் மட்டுமே இருந்தன. இந்த வறுமைக்குள் ஆணையை அடக்கும் வழியை வகுத்தவர் யூஜி ஹோரி. கணினியிலும் கன்சோலிலும் ஒரே ஆட்டத்தை எழுதிப்பார்த்தவர் அவர் என்பது இவ்வரலாற்றில் உரிய கவனம் பெற்றதில்லை. 1983இல் பி.சி.-6001 கணினிக்கு அவர் எழுதிய ‘போர்ட்டோப்பியா தொடர் கொலை வழக்கு’ என்னும் துப்பறியும் ஆட்டத்தில், என்ன செய்ய வேண்டும் என்பதை ஆடுபவர் சொற்களாகத் தட்டச்சு செய்ய வேண்டும். 1985இல் அதே ஆட்டம் ஃபேமிகாமுக்கு வந்தபோது சொற்கள் திரையின் ஓரத்தில் பட்டியலாக நின்றன, ஆடுபவர் சுட்டியை நகர்த்தித் தேர்ந்தெடுத்தார். எந்தச் சொல் இயந்திரத்துக்குப் புரியும் என்று தேடித் தவிக்கும் வேலை ஒழிந்து, செய்யத்தக்கவற்றுள் எதைச் செய்வது என்ற கேள்வி மட்டும் எஞ்சியது. பட்டியலால் ஆட்டம் சுருங்கிவிட்டது என்று குறை கூறுவோர், அது எந்தச் சுமையை இறக்கி வைத்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1986 மே 27 அன்று என்னிக்ஸ் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ இந்தப் பட்டியலைப் போருக்குள் கொண்டுவந்தது. ஹோரியும், சுன்சாஃப்ட் நிறுவனத்தின் கோய்ச்சி நாகமுராவும் விசர்ட்ரி, அல்டிமா இரண்டிலும் தோய்ந்தவர்கள். மேலிருந்து பார்க்கும் பரந்த உலகத்தை அல்டிமாவிலிருந்தும், எதிரியை நேருக்குநேர் நிறுத்தும் போர்த்திரையை விசர்ட்ரியிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முழுவதும் 64 கிலோபைட் கேட்ரிட்ஜுக்குள் அடங்க வேண்டியிருந்தது. எனவே முதல் பாகத்தில் ஒரே வீரன், எதிரில் ஒரே எதிரி. போரிடு, மந்திரம், தப்பியோடு, பொருள் என்ற நான்கே ஆணைகள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் குழு மூவராகவும், 1988இல் வந்த மூன்றாம் பாகத்தில் நால்வராகவும் வளர்ந்தபோது, பழக்கம் இல்லாத ஆட்டக்காரர்களும் படிப்படியாக விசர்ட்ரியின் சிக்கலுக்கு அருகில் வந்துசேர்ந்திருந்தார்கள். தொடரின் முதல் மூன்று பாகங்களையும் வரிசையாக ஆடியவருக்கு அவை ஒரே பாடத்தின் மூன்று வகுப்புகளாகவே அமைந்தன.

விசர்ட்ரியே 1987 இறுதியில், மசனோபு எண்டோவின் கேம் ஸ்டுடியோ வழியாக ஃபேமிகாமுக்கு வந்தது. மந்திரத்தின் பெயரைத் தட்டச்சு செய்யும் முறை போய், கற்ற மந்திரங்களின் பட்டியல் வந்தது. மற்றபடி வரிசைகளும் கூட்டங்களும் சுற்றுகளும் மாறாமல் நின்றன. ஜுன் சுவேமி தீட்டிய அரக்கர்களும் கென்டாரோ ஹனேடாவின் இசையும் சேர்ந்த அந்த வடிவத்தை, மூலத்தைவிட நிறைவானது என்று கருதத் தக்க காரணங்கள் உண்டு. நிலம் இல்லாத போரைக் கன்சோல் எந்தச் சேதமும் இன்றி ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அல்டிமாவின் மூன்றாம் பாகமும் அதே ஆண்டில் ஃபேமிகாமுக்கு வந்து, தன் எழுத்துக்கட்டளைகளைப் பட்டியலாக மாற்றிக்கொண்டது. கட்டங்கள் எண்ணிக்கையில் அடங்குபவை ஆதலால் சிலுவை விசைக்கு அவை பாரமாக இல்லை.

ஆணை கையளவுக்குச் சுருங்கியபின் ஜப்பானியக் கன்சோல் ஆட்டங்கள் அதன் மற்றொரு பக்கமான காலத்தை ஆராயத் தொடங்கின. 1987 டிசம்பரில் ஸ்கொயர் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி’யின் போரை வடிவமைத்த அகிதோஷி கவாசு மேசை ஆட்டத்தின் விதிகளை அருகிலிருந்து பின்பற்றினார், அதன் நிரலை எழுதிய நாசிர் ஜெபெலி ஆப்பிள் 2 கணினி ஆட்டங்களால் பெயர்பெற்றவர். கணினி மரபும் கன்சோல் மரபும் தனித்தனியே வளர்ந்தவை என்ற எண்ணத்தை இந்த ஒரு பெயரே அசைத்துவிடுகிறது. 1991இல் வந்த நான்காம் பாகத்துக்காக ஹிரோயுகி இதோ, ஃபார்முலா ஒன் கார் பந்தயத்திலிருந்து தூண்டுதல் பெற்று, முறை வரும்வரை யாவரும் காத்திருக்கும் ஒழுங்கைக் கலைத்தார்: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் வேகத்துக்கேற்ப நேரம் நிரம்பும், நிரம்பியவருக்கு ஆணையிடலாம், ஆணையிடத் தயங்கினால் எதிரி காத்திருக்கமாட்டான். 1990இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ நான்காம் பாகம் வேறொரு சோதனையைச் செய்தது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் ஆடுபவர் நாயகனுக்கு மட்டுமே நேரடியாக ஆணையிட முடியும். மற்றவர்களுக்கு, உயிரைக் காப்பதே முதன்மை என்பது போன்ற பொதுவான போர்க்கொள்கை ஒன்றைத் தந்துவிட்டு, செயலை அவர்களிடமே விட வேண்டும். அன்று பலருக்கு இது பிடிக்கவில்லை, 2001இல் வந்த மறுவடிவத்தில் நேரடி ஆணைக்கு வழிவிடப்பட்டது. ஆயினும் ஒரு கையால் நால்வரை ஆள முடியாதபோது பொறுப்பைப் பகிர்ந்துகொடுக்கலாம் என்ற எண்ணம் இங்கே விதையாக விழுந்தது.

இதற்கிடையில் கணினி ஆட்டங்கள் மவுஸின் துணையோடு நிலத்துக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தன. 1992இல் மைக்ரோபுரோஸ் வெளியிட்ட ‘டார்க்லேண்ட்ஸ்’ கட்டங்களையும் முறைகளையும் விட்டுவிட்டு, போர் தானாக ஓடிக்கொண்டிருக்க, ஆடுபவர் வேண்டும்போது அதை நிறுத்தி ஆணையிடும் முறையைக் கையாண்டது. இம்முறைக்கு நிலைத்த வடிவம் தந்தது, கனடாவின் எட்மன்டன் நகரில் இருந்த பயோவேர் நிறுவனம் 1998 டிசம்பரில் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட்’. ஆறு பேர் கொண்ட குழு, மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் தரை, ஆறு விநாடிக்கு ஒரு சுற்று, எந்த நொடியிலும் இடைவெளிப் பொத்தானால் உலகையே நிறுத்திவிடும் உரிமை. மவுஸால் ஒரு கட்டம் வரைந்தால் அதற்குள் நிற்பவர்கள் அனைவரும் ஒரே ஆணைக்குக் கட்டுப்படுவார்கள். குறுகிய வாசலில் கவசம் அணிந்தவரை நிறுத்திவிட்டு அவருக்குப் பின்னால் வில்லாளியை வைக்கலாம். தீக்கோளம் எறியும் மந்திரம் பகைவரையும் நண்பரையும் வேறுபாடின்றி எரித்ததாலும், அது எதுவரை பரவும் என்பதைத் திரை காட்டாததாலும், ஆடுபவர் நிலத்தைக் கண்ணாலேயே அளந்து பழக வேண்டியிருந்தது. இந்தப் போரில் என்ன செய்வது என்பதைவிட எங்கே செய்வது என்பதே பாதிக்குமேல் முடிவைத் தீர்மானித்தது, அதற்குத் தேவையான சுட்டுவிரல் மவுஸ்.

ஆகவேதான் ‘பால்டர்ஸ் கேட்’ என்ற பெயர் 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தபோது, பெயரும் ஊரும் மட்டுமே கூட வந்தன. ஸ்னோபிளைண்ட் ஸ்டுடியோஸ் செய்த ‘டார்க் அலையன்ஸ்’ என்ற அந்த ஆட்டத்தில் குழு இல்லை, நிறுத்தம் இல்லை. வில்லாளி, குள்ள இனத்துப் போர்வீரன், மந்திரக்காரி ஆகிய மூவருள் ஒருவரைத் தேர்ந்து, குச்சிவிசையால் ஓடவைத்து, பொத்தானால் வெட்டவும் தடுக்கவும் வேண்டும். அதை மூலத்தின் சிதைவு என்று சொல்வதைவிட, அன்று அந்த நிலத்தைக் கன்சோலில் காட்டவோ தொடவோ வழி இல்லை என்பதை ஒப்புக்கொண்ட நேர்மை என்று சொல்வதே பொருத்தம். பழைய தொலைக்காட்சித் திரையில், அறையின் மறுமுனையிலிருந்து பார்ப்பவருக்கு, ஆறு சிறு உருவங்களும் அவற்றின் கீழுள்ள எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்திருக்கமாட்டா. பயோவேரே 2003 ஜூலையில் எக்ஸ்பாக்ஸுக்கு முதலில் வெளியிட்டு, நவம்பரில் கணினிக்குத் தந்த ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டத்தில் மூவர் குழுவும் நிறுத்தி ஆணையிடும் முறையும் திரும்பிவந்தன, ஆனால் பார்வை தோளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கையெறிகுண்டுகூட ஓர் இடத்தை நோக்கி வீசப்படாமல், தேர்ந்தெடுத்த எதிரியை நோக்கியே வீசப்பட்டது. நிலத்தைக் கேட்காதபடி ஆணைகள் திருத்தி எழுதப்பட்டிருந்தன.

இரு இயந்திரங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரே ஆட்டத்துக்குள் வைத்துப் பார்க்கக் கிடைக்கும் சிறந்த சான்று 2009 நவம்பரில் வந்த பயோவேரின் ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’. கணினியில் மவுஸின் சக்கரத்தைச் சுழற்றினால் பார்வை மேலே ஏறிப் போர்க்களம் முழுவதும் விரியும். நால்வரையும் தனித்தனி இடங்களுக்கு அனுப்பலாம். திரையின் அடியில் திறன்களின் நீண்ட வரிசை நிற்கும். எட்ஜ் ஆஃப் ரியாலிட்டி நிறுவனத்தின் பங்களிப்போடு உருவான கன்சோல் வடிவத்தில் கதையும் பாத்திரங்களும் விதிகளும் அவையே, ஆனால் பார்வை வீரனின் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டது. மூன்று பொத்தான்களுக்கு மூன்று திறன்கள், விரல்விசையை அழுத்திப் பிடித்தால் இன்னும் மூன்று, ஆக ஆறு திறன்கள் உடனடியாகக் கைக்கு எட்டும். மற்றவற்றுக்கு, ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு திறக்கும் வட்டப் பட்டியல் ஒன்று இருந்தது. வட்டப் பட்டியல் என்பது குச்சிவிசையைச் சாய்க்கும் திசையிலேயே தேர்வை வைக்கும் அமைப்பு. ஆணையைப் பொறுத்தவரை இது போதுமான தீர்வு, சற்று மெதுவானது என்பதைத் தவிர இழப்பு எதுவும் இல்லை.

இழப்பு நிலத்தில் நேர்ந்தது. மந்திரக்காரியை மேட்டின்மேல் அனுப்ப வேண்டுமானால் கன்சோலில் அவளாகவே மாறி நடந்துசெல்ல வேண்டும், அவ்வேளையில் மற்ற மூவரையும் அவர்களுடைய போக்கில் விட்டுவிட வேண்டும். பின்னால் என்ன நடக்கிறது என்பது பார்வைக்குள் வராததால், முன்கூட்டிச் சூழ்ச்சி வகுப்பது குறைந்து, நடந்ததற்குப் பின் சரிசெய்வது மிகுந்தது. போரின் கடுமையும் இதற்கேற்பத் தணிக்கப்பட்டது. இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்தது, அந்த ஆட்டத்தின் இரு வடிவங்களிலும் இருந்த தந்திர அட்டவணை. தோழரின் உயிர்நிலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் குணமாக்கு, எதிரி நெருங்கினால் விலகு என்று நிபந்தனையும் செயலுமாக வரிசைப்படுத்தி எழுதிவைத்தால், பாத்திரம் தானாகவே அதன்படி நடக்கும். 2006இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி’ பன்னிரண்டாம் பாகத்திலும் இதே அடிப்படையில் அமைந்த முறை உண்டு, அதன் போரை வடிவமைத்தவரும் ஹிரோயுகி இதோதான். ‘டிராகன் குவெஸ்ட்’ நான்காம் பாகத்தில் ஒற்றை வரிக் கொள்கையாக இருந்தது, பதினாறு ஆண்டுகளில் ஆடுபவரே எழுதும் சிறு நிரலாக வளர்ந்திருந்தது. கணினியில் இந்த அட்டவணையை நிரப்புவது ஆடுபவரின் விருப்பம். கன்சோலில் அது ஏறத்தாழக் கட்டாயம் என்பதால், அங்கே ஆடியவர்களே அதன் ஆழத்தை அதிகம் அறிந்திருக்க வேண்டும்.

தொடரின் அடுத்த பாகங்களில் கன்சோலின் அளவுகோல் கணினிக்குத் திரும்பிவந்தது. 2011இல் வந்த இரண்டாம் பாகம் கணினியிலும் மேற்பார்வையைக் கைவிட்டது. கன்சோலில் ஒவ்வொரு சாதாரண வெட்டுக்கும் பொத்தானை அழுத்த வேண்டியிருந்ததால் கையின் வேகம் போருக்குள் புகுந்தது. 2014இல் வந்த ‘இன்க்விசிஷன்’ மேற்பார்வையை எல்லா இயந்திரங்களுக்கும் கொடுத்தது, ஆனால் ஒருவருக்கு எட்டுத் திறன்கள் மட்டுமே என்ற வரம்பைக் கணினிக்கும் விதித்து, பார்வையையும் தரைக்கு மிக அருகிலேயே நிறுத்தியது. நிலத்தைத் திருப்பித் தந்துவிட்டு ஆணையைக் குறைத்த இந்த ஏற்பாடு இரு தரப்பையும் நிறைவுசெய்யவில்லை.

எல்லாப் பெயர்ப்பும் இழப்பில் முடிந்ததில்லை என்பதற்கு பிளிசார்டின் ‘டயாப்லோ’ எடுத்துக்காட்டு. 1996இன் கடைசி நாளில் கணினிக்கு வெளியான அதில், நகர்வதும் தாக்குவதும் மவுஸின் ஒரே சொடுக்கில் அடங்கின. 2012இல் கணினிக்கு வந்த மூன்றாம் பாகம் அடுத்த ஆண்டு கன்சோல்களுக்குப் போனபோது அவ்விரண்டும் பிரிந்தன: இடக்கைக் குச்சி நேரடியாக நடத்தியது, வலக்கைக் குச்சி உருண்டு விலகும் அசைவைத் தந்தது. வீழ்ந்த எதிரிகளிடமிருந்து குறைந்த எண்ணிக்கையில் தரமான பொருள்கள் கிடைக்கும்படி கன்சோலுக்காகச் செய்த திருத்தத்தின் போக்கிலேயே 2014இல் கணினி வடிவமும் மாற்றப்பட்டது. 2023இல் நான்காம் பாகம் வந்தபோது விலகும் அசைவு எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாகியிருந்தது. இங்கே நிலம் என்பது ஒரே உடலின் இருப்பிடம் மட்டுமே என்பதால், குச்சிவிசை மவுஸைவிடத் துல்லியமான கருவியாக அமைந்தது.

பலர் கொண்ட குழுவின் நிலத்தைக் கன்சோலுக்குக் கொண்டுசேர்த்தது புதிய கருவி எதுவும் அன்று, 1990களில் பழையதாகக் கருதப்பட்டுக் கைவிடப்பட்ட முறைவைத்து ஆடும் ஒழுங்குதான். பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த லாரியன் ஸ்டுடியோஸ் 2014இல் கணினிக்கு வெளியிட்ட ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ முழுக்க முழுக்க நிலத்தை நம்பிய ஆட்டம்: எண்ணெய் சிந்திய தரையில் தீ பரவும், நீர் தேங்கிய இடத்தில் மின்சாரம் பாயும், மழை தீயை அணைக்கும். அத்தகைய ஆட்டம் 2015 அக்டோபரில் கன்சோல்களுக்குப் போனபோது போரின் சாரம் சேதமடையவில்லை. காரணம் எளிது. ஒருவரின் முறை நடக்கையில் உலகம் காத்திருப்பதால், குச்சிவிசை தரையில் ஓர் இடத்தைத் தேடிச் செல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் எதிரி அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. கணினி வழக்கப்படி ஓடும் போரோடு பிறந்த ‘பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி’ இரண்டாம் பாகம் 2019 தொடக்கத்தில் முறைவைத்து ஆடும் வழியையும் சேர்த்துக்கொண்டபின்னரே 2020இல் கன்சோலுக்கு வந்தது. அதே ஆண்டில் கன்சோலுக்கு வந்த ‘பாத்ஃபைண்டர்: கிங்மேக்கரும்’ அவ்வழியைக் கொண்டிருந்தது.

2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கும் செப்டம்பர் 6 அன்று பிளேஸ்டேஷன் 5க்கும் லாரியன் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கன்சோலில் பெயரளவுக்கே நுழைந்த தொடரைக் குழுவோடும் நிலத்தோடும் அங்கே கொண்டுவந்தது. டிசம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் வரிசையின் சிறிய இயந்திரத்தில் மட்டும், ஒரே திரையைப் பகுத்து இருவர் ஆடும் வசதி வெளியீட்டின்போது இல்லை. போர்விதிகள் எங்கும் ஒன்றே. மவுஸ் பிடித்தவர் தரையில் ஒரு புள்ளியைச் சுட்டிப் பாத்திரத்தை அங்கே அனுப்புகிறார். கன்ட்ரோலர் பிடித்தவர் பாத்திரத்தைத் தாமே நடத்துகிறார், நடக்க நடக்க அம்முறைக்குரிய தொலைவு கரைகிறது. கணினியிலேயே கன்ட்ரோலரைச் செருகினால் திரையின் அமைப்பு முழுவதும் வட்டப் பட்டியல்களாக மாறிக்கொள்கிறது. இந்த நேரடி நடையை விசைப்பலகைக்கும் கொண்டுவரும் மாற்றநிரல் ஒன்றைக் கணினி ஆட்டக்காரர்களே எழுதி ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். உயரமும் ஆழமும் கலந்த மாடங்களில், பல எதிரிகள் ஒருவர்மேல் ஒருவராக நிற்கும் இடங்களில், வேண்டிய ஒருவரைக் குச்சிவிசையால் பிடிப்பது இன்றும் மவுஸைவிடத் தாமதமாகவே நடக்கிறது. ஆனால் அந்தத் தாமதத்துக்கு இப்போது போர்க்களத்தில் விலை இல்லை.